சிமெண்ட் பெயரைக் கேட்காதீர்கள், தண்ணீர் எத்தனை வாளி என்று கேளுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் வீடு கட்டுகிறவர்களும், கட்டிய வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்பி வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். கோபம் வந்தால் படித்து முடித்த பிறகு வரட்டும்.

ஆறு நாளைக்கு முன் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் இரண்டாம் மாடிக்குத் தளம் போட்டார்கள். கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருக்கிறது. முதல் மாடியில் நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் கம்பெனி வேலைக்குப் போகிற பையன்கள் ஐந்தாறு பேர். இப்போது அதற்குமேல் இன்னும் நான்கு அறைகள் வருகின்றன. காலை நடைக்குப் போன நான் நின்று பார்த்தேன். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் ஹோஸ் பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டபடியே நின்றான். வாளி இல்லை, அளவு இல்லை. அவன் கண்தான் அளவு. பாண்டு சட்டியில் வந்த கலவை ரசம் மாதிரி ஓடியது.

"தம்பி, தண்ணி ரொம்பப் போகுதே" என்றேன்.

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "வாத்தியாரே, கவலையே படாதீங்க. நம்பர் ஒன் கம்பெனி சிமெண்ட்டு. 53 கிரேடு. குண்டு போட்டாலும் அசையாது."

அன்று மாலை தெரு வாட்ஸ்அப் குழுவில் பணிவாக நான்கு வரி எழுதினேன். "ரிட்டயர் ஆனா பேரப் பிள்ளைங்களோட விளையாடணும் சார், என்ஜினியர் வேலையை என்ஜினியர் பாத்துப்பாங்க" என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். அந்தத் தளம் போட்ட அன்று காலை முதல் மாலைவரை எந்த என்ஜினியரும் அந்தப் பக்கம் வரவில்லை என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

உண்மைதான், நான் என்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் பாடம் நடத்தியவன். ஆனால் இந்த விஷயத்தில் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. நானே ஒரு தளத்தைக் கெடுத்தவன்.

2000க்குப் பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது கிராமக் கல்விக் குழுக்கள் வழியாகக் கூடுதல் வகுப்பறைகள் கட்டினார்கள். பணத்துக்குத் தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் அப்போது ஒரு சின்னப் பள்ளியில் தலைமை ஆசிரியர். திருட்டுப் போகக்கூடாது, மட்டச் சரக்கு வரக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். சிமெண்ட் மூட்டைகளை நானே எண்ணி இறக்கினேன். நல்ல கம்பெனி சிமெண்ட்தான். தளம் போட்ட அன்று கொத்தனார், "சார், கம்பி நடுவுல கலவை இறங்கல, கொஞ்சம் தண்ணி சேத்துக்கறேன்" என்றார். "சரி" என்றேன். அந்த ஒரு "சரி"தான் நான் செய்த தப்பு. கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக் பற்றி எனக்குத் தெரியாது, யாரும் வைக்கவும் இல்லை. நான்கு நாள் தண்ணீர் கட்டினோம். அதற்குள் பொங்கல் வந்தது. பள்ளி மூடியது. தளம் காய்ந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் இரண்டாம் பெஞ்சின்மேல் இரண்டு சிலேட்டு அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பாளம் கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. சனி, ஞாயிறில் விழுந்திருக்கிறது. அந்தப் பெஞ்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் உட்காருவார்கள். மூன்று பேரின் பெயரும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அறையைப் பூட்டினோம், பிறகு இடித்தார்கள். பார்க்க வந்த பொறியாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, "சிமெண்ட் குறையே இல்ல சார். தண்ணிதான் அதிகம். கம்பிக்குக் கீழே அரை விரல்கடைகூட கான்கிரீட் இல்ல" என்றார்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த செய்தி வந்தபோது நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. வீட்டில் காரணம் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெஞ்சுதான் கண்ணில் நின்றது. அப்போதிருந்துதான் கான்கிரீட் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சொல்கிறேன். தப்பிருந்தால் என்ஜினியர் நண்பர்கள் கருத்தில் திருத்துங்கள்.

முதலில் இந்த "53 கிரேடு" என்கிற மந்திரம். சிமெண்டை ஒரு பங்கும் குறிப்பிட்ட தரத்து மணலை மூன்று பங்கும் கலந்து, 70.6 மில்லிமீட்டர் பக்கமுள்ள சின்னக் கட்டியாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 53 நியூட்டன் அழுத்தம் தாங்கினால் அது 53 கிரேடு. இந்தச் சோதனைக்கு இந்தியா முழுவதும் பயன்படுத்தும் தர மணல் நம்ம எண்ணூர் மணல்தான். ஆக, 53 என்பது சோதனைக்கூடத்தில், அளந்த மணலோடு, அளந்த தண்ணீரோடு, 28 நாள் ஊறிய பிறகு அந்தச் சிமெண்ட் வாங்கிய மார்க். உங்கள் மொட்டைமாடியில் அது வாங்கப்போகிற மார்க் அல்ல. நன்றாகப் படிக்கிற பையனைப் பரீட்சை அறையில் பேனா இல்லாமல் உட்காரவைத்தால் அவன் என்ன மார்க் வாங்குவான்?

இன்னொரு வேடிக்கை. அந்த வீட்டு வாசலில் கிடந்த காலி மூட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். பி.பி.சி. என்று அச்சிட்டிருந்தது. அதாவது அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்து அரைத்த போஸலானா சிமெண்ட். 53 கிரேடு என்பது சாம்பல் சேராத ஓ.பி.சி. வகைக்குள்ள பெயர். தன் வீட்டுக்கு என்ன சிமெண்ட் வந்தது என்றே தெரியாமல் அதன்மேல் சத்தியம் செய்கிறார் மனிதர்.

பி.பி.சி. மோசம் என்று சொல்ல வரவில்லை. "சாம்பல் கலந்த சிமெண்ட், கலப்படம்" என்று சிலர் பேசுவது தவறு. 15 முதல் 35 சதவீதம்வரை சாம்பல் சேர்க்க விதியே அனுமதிக்கிறது. நம்ம வெயிலுக்கு அது நல்லதும்கூட. கெட்டியாகும்போது சூடு குறைவு, நாள் ஆக ஆக இறுக்கம் கூடும், உப்பும் ஈரமும் உள்ளே நுழைவது குறையும். ஆனால் அது மெதுவாகப் பலம் ஏறுகிற பிள்ளை. ஓ.பி.சி.யை விட அதிக நாள் தண்ணீர் கேட்கும், முட்டைப் பிரிக்க அதிக நாள் காத்திருக்கச் சொல்லும். சிமெண்ட் தேர்வு என்பதே இதுதான். எது உயர்ந்தது என்பதை விட, வாங்கியதற்கு ஏற்றபடி நடந்துகொள்கிறோமா என்பதுதான் கேள்வி. பி.பி.சி.யை வாங்கி ஓ.பி.சி.க்குரிய அவசரம் காட்டினால் குற்றம் சிமெண்டின்மேல் இல்லை.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒரு மூட்டை 50 கிலோ. அந்தச் சிமெண்ட் கெட்டியாவதற்குத் தன்னோடு சேர்த்துக்கொள்கிற தண்ணீர் அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான், அதாவது 12, 13 லிட்டர். அவ்வளவு மட்டும் ஊற்றினால் கலவை வறண்டு நிற்கும், வேலை ஆகாது. அதனால் கூட்டுகிறோம். ஐ.எஸ். 456 என்பது கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல். சாதாரண வீட்டுத் தளத்துக்குப் போடுகிற எம்20 கலவைக்கு, அதாவது 1க்கு ஒன்றரை, மூன்று என்ற கலவைக்கு, மூட்டைக்கு 30 லிட்டர் என்று அது உச்சவரம்பு வைக்கிறது. 25, 27 லிட்டரில் முடித்தால் இன்னும் நல்லது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அதில் ஒன்றரை வாளிதான் எல்லை. மணல் ஈரமாக இருந்தால் அதில் உள்ள தண்ணீரையும் இந்தக் கணக்கில் கழிக்க வேண்டும்.

மீதித் தண்ணீர் எங்கே போகும்? ஆவியாகிப் போகும். போன இடம் ஓட்டையாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத கோடி ஓட்டைகள். 1918லேயே சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் ஏராளமான கட்டிகளை நசுக்கிப் பார்த்துச் சொல்லிவிட்டார்: நல்ல சரக்காக இருந்தால், கான்கிரீட்டின் பலம் சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது, தண்ணீர் கூடினால் பலம் இறங்கும். மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றிய கலவையையும் 40 லிட்டர் ஊற்றிய கலவையையும் ஒப்பிட்டால், இரண்டாவது ஏறத்தாழ பாதிப் பலம்தான் தரும். அதே கம்பெனி, அதே கிரேடு, அதே விலை. மூட்டைக்கு 20 ரூபாய், 30 ரூபாய் கூடக் கொடுத்து பெரிய பெயருள்ள சிமெண்ட் வாங்குகிறோம். பிறகு இலவசமாகக் கிடைக்கிற குழாய்த் தண்ணீரால் அதைப் பாதியாக்குகிறோம். இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டா?

"அப்ப ரெண்டு மூட்டை கூடப் போட்டுட்டா போச்சு" என்பது அடுத்த பேச்சு. சிமெண்டைக் கூட்டி அதற்கேற்பத் தண்ணீரையும் கூட்டினால் சூடும் சுருக்கமும் கூடும், வெடிப்பு வரும். விகிதம் மாறாமல் பலம் வராது.

மணலுக்கு வருவோம். பாலாற்று மணல் காலம் முடிந்துவிட்டது, இப்போது எம்-சாண்ட்தான். எம்-சாண்ட் என்றாலே பயப்பட வேண்டாம். முறையாக உடைத்து, அலசி, சலித்து வந்தால் நல்ல சரக்கு. ஆனால் கிரஷர் தூசியையே எம்-சாண்ட் என்று லாரியில் இறக்குகிறவர்கள் உண்டு. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். தண்ணீர் பால்போல் தெளியாமல் நின்று, மேலே சேறுபோல் தடித்த படிவம் கட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். தூசி தண்ணீரைக் குடிக்கும். அது குடிக்கக் குடிக்க ஹோஸ் பைப் பையன் ஊற்றிக்கொண்டே இருப்பான்.

தண்ணீரின் அளவு மட்டுமில்லை, குணமும் முக்கியம். கம்பிபோட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அதே விதிநூல். உப்புக் கரிக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை, எந்த ஊர் என்றே தெரியாத டேங்கர் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றுகிறோம். உப்பு என்ன செய்யும் என்பதற்கு வடக்கே ஒரு உதாரணம் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில், வசதியானவர்கள் குடியிருந்த ஓர் அடுக்குமாடியில் ஆறாவது மாடி அறையின் கூரை சரிந்து, அடுத்தடுத்த தளங்களையும் உடைத்துக்கொண்டு கீழே போனது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆராய்ந்த டெல்லி ஐஐடி, கான்கிரீட்டில் குளோரைடு அதிகம், கம்பி வேகமாகத் துருப்பிடித்திருக்கிறது என்று சொன்னது. கட்டி எத்தனையோ காலம் ஆன கட்டடம் இல்லை அது.

துரு ஏன் அவ்வளவு ஆபத்து என்றால், முதலில் கம்பி எதற்கு என்று தெரிய வேண்டும். நம்ம ஆதிகேசவப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நின்று பாருங்கள். தூண்கள் நெருக்க நெருக்கமாக இருக்கும். கல் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. மேலே படுக்கவைத்த கல் நடுவில் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். அதனால் அதிக தூரத்துக்குக் கல்லைப் படுக்கவைக்க முடியாது. கான்கிரீட்டும் கல்லின் சாதிதான். அந்த இழுப்பைத் தாங்கத்தான் அடியில் கம்பி. கம்பியைச் சுற்றியிருக்கிற கான்கிரீட்டின் காரத்தன்மை துருப்பிடிக்காமல் காக்கும். ஓட்டை நிறைந்த கான்கிரீட்டில் காற்றும் ஈரமும் உப்பும் நுழைந்து அந்தக் காவலை அழித்துவிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். உள்ளிருந்து நெம்பும். ஒருநாள் பாளம் பெயர்ந்து பெஞ்சில் விழும். தளத்தில் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணில் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கவர் பிளாக் ஒரு சின்னப் பொருள். ஜல்லித் துண்டை அதற்குப் பதிலாக வைக்கிறார்கள். அது மிதிபட்டு நழுவிவிடும்.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. இங்கேதான் தண்ணீரைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். கலவையில் கொட்டுகிறவன் தளத்தின்மேல் கட்டும்போது கஞ்சனாகிவிடுகிறான். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்குக் குறைந்தது 10 நாள், நம்ம ஊர் வெயிலுக்கு 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்த வேண்டும். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். அடுத்த தெருத் தளத்தில் பாத்தி கட்டினார்கள். இரண்டாம் நாள் பார்த்தேன், தண்ணீர் நின்றது. நான்காம் நாள் என் வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறேன், தளம் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் காக்கை உட்கார்ந்திருக்கிறது.

நாளை ஏழாம் நாள். நாளைக் காலையில் முட்டையும் ஷீட்டையும் பிரிக்கப்போகிறார்களாம். ஷீட் வாடகைக்கு வந்தது, அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும். விதிநூல் சொல்வதைக் கேளுங்கள். நாலரை மீட்டர்வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளுக்குக் குறைந்தது 7 நாள், அதற்குமேல் 14 நாள். 6 மீட்டர்வரை நீளமுள்ள பீம்களின் முட்டுகளுக்கு 14 நாள், அதற்குமேல் 21 நாள். இதெல்லாம் ஓ.பி.சி.க்குச் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு. பி.பி.சி.க்கு இன்னும் கூட்ட வேண்டும். ஏழாம் நாளில் நல்ல கான்கிரீட்டே தன் 28 நாள் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் எட்டியிருக்கும். ரசம்போல் ஊற்றி, நான்காம் நாளே காயவிட்டது எதை எட்டியிருக்கும்? அதற்குக் கீழே முதல் மாடியில் இருபதுக்குமேல் பிள்ளைகள் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு கணக்கு. ஆயிரம் சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் ஏறத்தாழ 11.8 கனமீட்டர் கான்கிரீட். கனமீட்டருக்கு 2,500 கிலோ என்று வைத்தால் ஏறத்தாழ 29.5 டன். சுவர், தரை, தண்ணீர்த் தொட்டி, கட்டில், ஆட்கள் எல்லாம் இதற்குமேல். நம்ம ஊரில் தயாராகிற சின்னக் கார் ஒன்று ஒரு டன் என்று வையுங்கள். ஒரு மாடி கூட்டுகிறீர்கள் என்றால் 29 கார்களை மொட்டைமாடியில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். கீழே பூட்டிங் போட்டபோது ஒரு மாடிக்குத்தானே கணக்குப் போட்டீர்கள்? மண்ணைச் சோதித்தீர்களா? ஏரியும் வயலும் இருந்த பூமி இது. எத்தனை மனை ஏரிக்கரையோரம், எத்தனை மனை மண் கொட்டி மேடாக்கியது என்று ஊர்க்காரர்கள் நமக்குத் தெரியாதா?

மௌலிவாக்கத்தை மறந்துவிட்டோம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மழை. கட்டி முடியப்போகிற 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்தவர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், நம்ம தமிழ்நாட்டுக்காரர்கள். இடி விழுந்ததால்தான் என்றுகூட அப்போது ஒரு பேச்சு கிளம்பியது. நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். பக்கத்திலேயே நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிவியில் நாம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். சில விநாடிகளில் தூசியாகிப்போனது. பார்த்து முடித்துவிட்டு, நம்ம தெருவில் அளவில்லாமல் தண்ணீர் ஊற்றித் தளம் போடப் போய்விட்டோம்.

"அரசாங்கம் என்ன பண்ணுது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் அரசு கட்டிக்கொடுத்த வீட்டிலேயே கைபட்டால் பூச்சு உதிர்ந்தது. சென்னை ஐஐடியை வைத்து ஆராய வேண்டி வந்தது. ஆனால் நம்ம விஷயத்தில் அரசு ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. 2024 ஜூலையில் சுயசான்று முறை கொண்டுவந்தார்கள். 2,500 சதுர அடிவரை மனையில் 3,500 சதுர அடிவரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி. முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. அலைச்சல் மிச்சம், லஞ்சம் மிச்சம், நல்லது. ஆனால் சுயசான்று என்றால் என்ன பொருள்? சான்று கொடுக்கிறவர் நீங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் கையைக் காட்ட இன்ஸ்பெக்டர் இல்லை. கையெழுத்து உங்களுடையது. நான் அன்று பள்ளிக்குப் போட்ட கையெழுத்து மாதிரி.

என்னிடம் படித்த பையன் ஒருவன் தொழிற்பேட்டையில் பெரிய கட்டுமானம் ஒன்றில் சோதனைக்கூட உதவியாளராக இருக்கிறான். ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் இரும்புக் கூம்பில் கலவையை நிரப்பித் தூக்கி, எவ்வளவு சரிகிறது என்று அளப்பார்களாம். அதிகம் சரிந்தால் லாரி திரும்பிப் போகும். 150 மில்லிமீட்டர் அச்சுகளில் கட்டி வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்த்து எழுதிவைப்பார்களாம். மெஷின் நிற்கப்போகிற தரைக்கு இவ்வளவு மரியாதை. அந்த மெஷினை ஓட்டுகிற பையன் தூங்கப்போகிற கூரைக்கு ஒரு கட்டிகூட வார்ப்பதில்லை. தொழிற்சாலைகளால்தான் நம்ம ஊர் வளர்ந்தது, நம்ம வாடகை வருமானமும் வந்தது. தருமபுரியிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றவர்கள் நம்பி அனுப்பிய பிள்ளைகள் நம்ம அறையில் தங்குகிறார்கள். அவர்கள் "எந்தக் கம்பி போட்டீங்க, எத்தனை நாள் தண்ணி கட்டினீங்க" என்று கேட்க மாட்டார்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்பார்கள்.

அந்த வீட்டு மேஸ்திரியும் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன்தான். நான் குழுவில் எழுதிய அன்று ராத்திரி போன் பண்ணினான். "சார், நீங்க சொன்னது எனக்கும் தெரியும் சார். தண்ணி கம்மி பண்ணா கலவைய இழுக்க ஆள் கூட வேணும். வைப்ரேட்டர் வாடகைக்கு எடுக்கணும். ஓனர் சதுர அடி ரேட்டுல அம்பது ரூபா குறைச்சுட்டார். நான் எங்க சார் போவேன்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. கூலியைக் குறைத்தால் கொத்தனார் வேலையைச் சுலபமாக்கிக்கொள்வார். சுலபமாக்க அவர் கையில் இருக்கிற ஒரே பொருள் தண்ணீர். ஆகவே குற்றத்தை மேஸ்திரி தலையில் மட்டும் கட்டாதீர்கள், வீட்டுக்காரர்களே. சிமெண்டுக்குக் கூடக் கொடுக்கிற காசை வைப்ரேட்டருக்கும் இரண்டு ஆள் கூலிக்கும் ஒரு டேங்கர் நல்ல தண்ணீருக்கும் கொடுங்கள். கலவை இளக வேண்டும் என்றால் தண்ணீருக்குப் பதிலாக அளவோடு சேர்க்க பிளாஸ்டிசைசர் கடையில் விற்கிறது.

தளம் போடுகிற அன்று செய்ய வேண்டியவை:

1. ஹோஸ் பைப்பைப் பிடுங்கி ஓரமாகப் போடுங்கள். பெயிண்ட் வாளியில் கோடு போட்டு, மூட்டைக்கு இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். வாளிப் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் சாயங்காலம்வரை நிற்கட்டும்.

2. கான்கிரீட் ஊற்றும் முன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

3. ஆறு கட்டி வார்க்கச் சொல்லுங்கள். 6 முதல் 15 கனமீட்டர் கான்கிரீட்டுக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கட்டி என்பது விதி. சோதனைக்கூடத்துக்குக் கொடுத்து 28ஆம் நாள் முடிவைக் கையில் வாங்குங்கள். கிரகப்பிரவேசப் பந்தியில் ஒரு வரிசை இலைக்கு ஆகிற செலவுகூட ஆகாது.

4. 14 நாள் தண்ணீர். பொங்கல் வந்தாலும், சாவு வந்தாலும்.

5. முட்டு பிரிக்கிற தேதியை மேஸ்திரி சொல்லக்கூடாது, ஷீட் வாடகைக்காரர் சொல்லவே கூடாது. கட்டடக் கணக்குப் போட்ட என்ஜினியர் எழுத்தில் சொல்லட்டும்.

6. மாடி கூட்டுவதற்கு முன் பூட்டிங்கையும் தூணையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். "தாங்காது" என்று சொன்னால் அந்த மாடி வேண்டாம்.

கடைசியாக, அடுத்த தெரு அண்ணாச்சிக்கு. நீங்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் மகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவன் நான். போட்ட தளத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் முட்டு இன்னும் இருக்கிறது. நாளைக்குப் பிரிக்காதீர்கள். பீம்களுக்குக் கீழே உள்ளதை மூன்று வாரத்துக்குத் தொடவே வேண்டாம். இன்றைக்கே மறுபடி பாத்தி கட்டித் தண்ணீர் விடுங்கள். தாமதம்தான், இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். 28 நாள் ஆனதும் ஒரு என்ஜினியரைக் கூப்பிட்டுத் தளத்தைச் சோதித்த பிறகு ஆளைக் குடிவையுங்கள். ஷீட் வாடகை கூடுதலாக எத்தனை நாளுக்கு ஆகிறதோ, அதில் பாதியை என் பென்ஷனிலிருந்து தருகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நிற்பேன்.

மற்றவர்கள் கட்டிக்கொண்டிருக்கிற உறவினர் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.